சரளி வரிசைக்கு முன்னால் ஒரு மணி நேரம்

ஆடி மாதம். தென்காசியில் சாரல் பிடித்து நாலு நாள் ஆகியிருந்தது. துணி காயவில்லை, உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டியிருந்தது. கூடத்தில் பாயை விரித்து, ஒன்பது வயது மகள் வயலினோடு உட்கார்ந்தாள். வலது காலை முன்னால் நீட்டி, கணுக்காலில் வாத்தியத்தின் சுருள் தலையைச் சாய்த்து, அடிப்பக்கத்தை நெஞ்சோடு அணைத்து, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி எல்லாம் சரியாகத்தான் செய்தாள். வில்லை இழுத்தாள். அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு முறை இழுத்தவள் வில்லைப் பாயில் வைத்துவிட்டு, “எனக்கு வராதும்மா” என்றாள்.

“ஏட்டி, அழாத. வாத்தியம் சரியில்லேன்னா நீ என்ன செய்வ?” என்றார்கள் அத்தை.

சங்கீதம் முறையாகக் கற்காத அந்தக் காதுக்குப் பட்டது எனக்குப் படவில்லை. அதுவரை நான் பிள்ளையின் விரலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வயலின் சென்னையில் இருக்கும் என் அண்ணன் மகன் வாசித்தது. முக்கால் அளவு. அவன் வளர்ந்து முழு அளவுக்குப் போனபின் மூன்று வருடம் பரணில் கிடந்து, பிறகு பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் டீச்சர் வாங்கிச் சுருதி சேர்த்துக் கொடுப்பார். பிள்ளை அரைமணி நேரம் நன்றாக வாசிப்பாள். செவ்வாய்க்கிழமைக்குள் தந்திகள் இறங்கிவிடும். அடுத்த ஞாயிறு வரை அவள் சாதகம் செய்வதெல்லாம் இறங்கிய தந்தியில். வாரத்தில் இரண்டு நாள் சுருதியோடு, ஐந்து நாள் சுருதி இல்லாமல். சங்கீதம் படிக்கும் வீடுகள் எத்தனையிலோ இதுதான் நடக்கிறது. பிறகு ஒரு நாள், பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது என்று சொல்லி வாத்தியத்தைப் பரணில் ஏற்றிவிடுகிறோம்.

வீணையில் இருபத்துநாலு மெட்டு இருக்கிறது. விரலை ஓர் இரண்டு மில்லிமீட்டர் முன்பின்னாக வைத்தாலும் மெட்டு ஓரளவு காப்பாற்றும். வயலினில் மெட்டே கிடையாது. கறுப்பு மரப் பலகை வழுவழுவென்று வெறுமையாக இருக்கும். ரிஷபம் எங்கே, காந்தாரம் எங்கே என்பதைக் காதுதான் விரலுக்குச் சொல்ல வேண்டும். திறந்த தந்தி ஷட்ஜமாக நின்றால்தான் காதுக்கு அளவுகோல் கிடைக்கும். தந்தி இறங்கிக் கிடந்தால், டீச்சர் காட்டிய இடத்திலேயே பிள்ளை விரலை வைத்தாலும் தப்பாகத்தான் ஒலிக்கும். அவள் இரண்டில் ஒன்று செய்வாள். தன் காதை நம்பாமல் போவாள், அல்லது தன்னையே நம்பாமல் போவாள்.

மெட்டு இல்லாத அந்த வெறுமைதான் இந்த மேல்நாட்டு வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டு, குரல் போகும் வழியெல்லாம் கமகத்தோடு இதில் போகலாம் என்று கண்டார். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். தென்காசியிலிருந்து சங்கரன்கோவில், கோவில்பட்டி வழியாகப் போனால் எட்டயபுரம் வந்துவிடும். நம் பக்கத்து மண்ணில் இருநூறு வருடமாக ஒலித்துவரும் வாத்தியம் இது. அதைத் தொட எனக்கு ஏன் அத்தனை பயம் என்று அன்று யோசித்தேன்.

பயத்துக்குக் காரணம் உண்டு. முந்தைய மாதம் முதல் தந்தியை நானே அறுத்திருந்தேன். கைபேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்துக்கொண்டு, இரண்டாம் தந்தியைத் தட்டித் தட்டிப் பார்த்துத் திருப்பினேன். ஒலி ஏறவே இல்லை. இன்னும் திருப்பினேன். படாரென்று ஒரு சத்தம்; முதல் தந்தி சுருண்டு என் மணிக்கட்டில் அடித்தது. நான் தட்டியது ஒரு தந்தி, திருப்பியது வேறொரு தந்தியை முறுக்கும் பிரடை. பிள்ளையின் முகம் கொஞ்சம் தள்ளி இருந்தது, தெய்வாதீனம். அன்றுமுதல் பிரடையைத் தொடுவதற்கு முன், தந்தி எந்தப் பிரடைக்குப் போகிறது என்று விரலை ஓட்டிப் பார்க்காமல் திருப்புவதில்லை. பிள்ளையையும் பக்கத்தில் குனிய விடுவதில்லை.

சுருதி சேர்ப்பதற்கு முன்னால் வாத்தியம் சேர்க்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் வயலினைக் காதருகே பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே ஏதாவது உருண்டால் அது பெரிய சேதி. வயலினுக்குள்ளே, மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு மரக்குச்சி நிற்கும். சவுண்ட் போஸ்ட் என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஆன்மா’. பசை கிடையாது, ஆணி கிடையாது. தந்திகள் தங்களைத் தாங்கும் குதிரையை அழுத்த, குதிரை பலகையை அழுத்த, அந்த இறுக்கத்தில்தான் அது நிற்கிறது. முழு அளவு வயலினில் நாலு தந்தியும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு இருபது கிலோவுக்கு மேல். அதில் எட்டொன்பது கிலோ கீழ்நோக்கிக் குதிரையின் வழியாக மெல்லிய பலகைமேல் இறங்குகிறது. முதல் தந்திப் பக்கத்துக் குதிரைக்கால் அருகே இந்தக் குச்சிதான் அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. குச்சி விழுந்த வயலினில் தந்தியை முறுக்கினால் பலகை அமுங்கிப் பிளந்துபோகும். பலகையின் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். குச்சி நின்றால் மேலே போகலாம். படுத்திருந்தால் தந்திகளைத் தளர்த்தி, பையில் வைத்து, வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவது தவிர வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. கம்பியை வளைத்து உள்ளே விட்டு நிறுத்தப் பார்க்க வேண்டாம்.

எங்கள் வயலினில் ஆன்மா நின்றது. குதிரைதான் சாய்ந்திருந்தது.

குதிரையையும் ஒட்டுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு காலில், தந்தியின் அழுத்தத்தில் நிற்கும் ஒரு துண்டு மேப்பிள் மரம். பிரடையைத் திருப்பித் தந்தியை இறுக்கும்போதெல்லாம் தந்தி குதிரையின் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரல் பலகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் டப்பென்று விழும். விழும் வேகத்தில் பலகையைக் கீறும், சில சமயம் உள்ளே நிற்கும் குச்சியும் சேர்ந்து விழும். சாய்ந்தபடியே மாதக்கணக்கில் நின்றால் குதிரை வளைந்துவிடும். பிறகு நிமிராது.

நிமிர்த்துவது எளிது. வயலினை மடியில் படுக்கவைத்து, தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குதிரையின் மேல்விளிம்பை இருபுறமும் பிடிக்க, மூச்சுவிடும் அளவுக்கு மெல்ல மெல்லப் பின்னால் நகர்த்த வேண்டும். தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பகுதியை நோக்கிய முகம் பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பிள்ளையின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்த மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். கால்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு வாத்தியத்திலேயே குறி இருக்கிறது. இரண்டு துளைகளின் உள்விளிம்பிலும் நடுவில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அந்த இரண்டு வெட்டையும் சேர்க்கும் கோட்டில் கால்கள் நிற்க வேண்டும். குதிரையின் ஒரு பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும். அது மெல்லிய முதல் தந்தியின் பக்கம். தெரியாமல் மாற்றி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பிள்ளை எப்படி இழுத்தாலும் இரண்டு தந்தி சேர்ந்து ஒலிக்கும்.

பிறகு பிரடைகள். இவைதான் எங்கள் ஊரின் உண்மையான தொல்லை. வயலின் பிரடை ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்த ஆணி. தலைப்பெட்டியிலுள்ள துளையும் அதே சரிவில் குடைந்தது. முப்பது மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மெலியும். பல் சக்கரமோ திருகோ கிடையாது. மரமும் மரமும் கவ்வுவதுதான் பூட்டு. ஆனால் மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், விடும். சாரல் காலத்தில் பிரடை ஊதி, இரண்டு கையால் திருகினாலும் அசையாது. பங்குனி, சித்திரை வெயிலில் சுருங்கி, திருப்பிக் கையை எடுத்ததும் ‘சர்ர்’ என்று பின்வாங்கும். சென்னையில் ஏசி அறையில் இருந்த வாத்தியம் குற்றாலச் சாரலுக்கு வந்தால் இரண்டையும் ஒரே வாரத்தில் காட்டும்.

இறுகிய பிரடைக்கு எண்ணெய் விடத் தோன்றும். கதவுக் கீலுக்கு விடும் பழக்கம். விட்டால் மரம் எண்ணெயைக் குடித்துவிடும். அப்புறம் அந்தப் பிரடை எந்தக் காலத்திலும் நிற்காது. வாத்தியக் கடைகளில் பிரடைக்கென்றே உதட்டுச் சாயக் குச்சி போல ஒரு பசை விற்கிறார்கள். அது கைவசம் இல்லாவிட்டால், பழைய வித்வான்கள் செய்ததுதான்: இறுகினால் காய்ந்த சோப்பு, வழுக்கினால் சாக்பீஸ். தந்தியைத் தளர்த்தி, பிரடையை உருவிப் பார்த்தால் துளையோடு உராயும் இரண்டு இடமும் வளையமாகப் பளபளக்கும். அந்த வளையத்தில் மட்டும் லேசாகத் தேய்த்து, மறுபடி செருகி, நாலு சுற்றுச் சுற்றினால் போதும். எங்கள் மூன்றாம் தந்திப் பிரடைக்குச் சோப்பு, நாலாவதுக்குச் சாக்பீஸ். ஒரே வாத்தியம், அடுத்தடுத்த இரண்டு துளை, இரண்டு விதமான நோய்.

ஒன்றை முடித்துத் தந்தியை ஓரளவு இறுக்கிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். நாலையும் ஒன்றாகக் கழற்றினால் அழுத்தம் போய்க் குதிரை விழும், ஆன்மாவும் விழும். புதுத் தந்தி போடுவதற்கும் இதே விதிதான். வாங்கும்போது பிள்ளையின் வயலின் அளவைச் சொல்லி வாங்குங்கள். முழு அளவுத் தந்தியை முக்காலில் போட்டால் தொளதொளக்கும். அளவு தெரியாவிட்டால் கழுத்தை விட்டு உடம்பை மட்டும் அளந்தால் போதும்: முழு வயலின் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர், முக்கால் 33 அல்லது 34, அரை 31 அல்லது 32. தந்தியின் முனையைப் பிரடையின் துளையில் நுழைத்து, ஒரு சுற்று முனைமேலேயே போகவிட்டுப் பிடிப்பு உண்டாக்கி, பிறகு சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிரடையின் தலைப்பக்கம் நோக்கி வரிசையாகச் சுற்ற வேண்டும். கடைசிச் சுற்று பெட்டிச் சுவரை லேசாகத் தொட்டு நின்றால் அதுவே பிரடையை உள்ளே இழுத்துப் பிடிக்கும். சுற்றுமுன், தந்தி உட்காரும் மேட்டிலும் குதிரையிலும் உள்ள பள்ளங்களில் பென்சில் முனையால் நாலு முறை தேயுங்கள். கரி படிந்த பள்ளத்தில் தந்தி வழுக்கிக்கொண்டு போகும். பள்ளத்தில் சிக்கிப் படக்கென்று தாவாது, குதிரையையும் இழுக்காது. இவ்வளவு சின்ன வேலை எத்தனை தந்தியைக் காப்பாற்றுகிறது!

இனிச் சுருதி. கர்நாடக சங்கீதத்தில் வயலின் தந்திகள் மெல்லியதிலிருந்து தடித்தது வரை பஞ்சமம், ஷட்ஜம், மந்தர பஞ்சமம், மந்தர ஷட்ஜம். கடையில் தந்தி உறைமேல் ஈ, ஏ, டி, ஜி என்று இருப்பது மேல்நாட்டுச் சுருதி. இந்த வித்தியாசத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. செயலி காட்டிய ஈ-க்கு முதல் தந்தியை ஏற்றிவிட்டு, பிள்ளை வாசிப்பதெல்லாம் ஏன் கோணுகிறது என்று விழித்திருக்கிறேன். என் மகளுக்கு டீச்சர் வைத்திருப்பது ஐந்து கட்டைச் சுருதி. அந்தக் கட்டையில் நாலாம், மூன்றாம் தந்திகள் மேல்நாட்டு முறையிலேயே ஜி, டி என்று நிற்கும். இரண்டாம், முதல் தந்திகளை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி ஜி, டி ஆக்க வேண்டும். எண்ணிக்கையில் சொன்னால், தடித்ததிலிருந்து நொடிக்கு 196, 294, 392, 588 அதிர்வுகள். வேறு கட்டை என்றால் எண்கள் மாறும், உறவு மாறாது. எந்தக் கட்டை என்பதை டீச்சரிடம் கேட்டுப் பையின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

வயலினை மடியில் நிமிர்த்தி, முகம் நம்மைப் பார்க்க, தலை மேலே இருக்கும்படி நிறுத்திக்கொண்டேன். இடப்பக்கம் இரண்டு பிரடை நாலாம், மூன்றாம் தந்திகளுக்கு. வலப்பக்கம் இரண்டு, முதல் இரண்டுக்கு. தலையை நோக்கித் திருப்பினால் ஏறும், விரல் பலகையை நோக்கித் திருப்பினால் இறங்கும். திருப்பும்போதே பிரடையைத் துளைக்குள் அழுத்த வேண்டும். அழுத்தாமல் திருப்புவதும் திருப்பாமல் அழுத்துவதும் வீண். வேண்டிய இடத்துக்கு மேலே போய் இறங்குவதைவிட, கொஞ்சம் கீழே இறக்கி, அங்கிருந்து அழுத்தியபடி ஏற்றி நிறுத்தினால் நன்றாக நிற்கிறது. கீழே தந்தி முடியும் இடத்திலுள்ள சின்னத் திருகுகள் நூலளவு திருத்தத்துக்கு மட்டும். அவை அடிவரை இறங்கியிருந்தால் முதலில் பாதிவரை தளர்த்திவிட்டுத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் திருகின் அடிக்கொக்கி பலகையைக் கீறும்.

முதலில் இரண்டாம் தந்தியின் ஷட்ஜம். தம்புரா செயலியை ஒலிக்கவிட்டு, அதோடு சேர்த்தேன். பிறகு முதல் தந்தி, மூன்று, நான்கு. நான்காவதை முடித்து இரண்டாவதைத் தட்டினால் அது இறங்கியிருக்கும். தப்பு ஒன்றும் செய்யவில்லை. மற்றவை ஏற ஏறப் பலகையும் குதிரையும் அமுங்கி, முன்பு சேர்த்தது தளர்கிறது. மறுபடி ஒரு சுற்று, பின் இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் திருத்தம் ஏதும் வேண்டியிருக்கவில்லை. புதுத் தந்தி போட்டிருந்தால் அது நாலைந்து நாள் நீண்டுகொண்டே இருக்கும். தினமும் சேர்க்க வேண்டும், சலித்துக்கொள்ள வேண்டாம். சுற்றுக்குச் சுற்று குதிரையின் நிமிர்வையும் பார்த்துக்கொண்டேன்.

செயலி பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். கடைசி அடியைக் காதுதான் வைக்க வேண்டும். ஷட்ஜமும் பஞ்சமமும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதம். 392-க்கு ஒன்றரை மடங்கு 588. செயலியின் பச்சை விளக்கு எரிவது 587.3-இல், பியானோவுக்காகச் சமமாகப் பங்கிட்ட கணக்கு அது. இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை என்று தோன்றும். இரண்டு தந்தியையும் ஒரே வில்லால் சேர்த்து இழுத்துப் பாருங்கள். ஒலி நொடிக்கு ஒரு தரத்துக்கும் சற்று அதிகமாகத் தாலாட்டும். திருகை மயிரிழை திருப்பினால் அந்த ஆட்டம் நீண்டு நீண்டு, ஒரு கட்டத்தில் அசையாமல் நின்றுவிடும். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். “இப்ப ஆடுது... இப்பவும் ஆடுது... மெதுவா ஆடுது...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் இன்னும் திருப்பப் போனேன். அவள் காது எனக்கு முன்பே கேட்டுவிட்டது.

வில்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்லாமலும் விட முடியாது. பல பிள்ளைகளின் வயலின் ‘ஒலிக்காமல்’ இருப்பதற்குக் காரணம் வில்லில் ரோசின் இல்லாததுதான். குதிரைவால் மயிர் வெறுமனே தந்திமேல் வழுக்கும்; ரோசின் பூசினால்தான் பற்றி இழுக்கும். புது ரோசின் கட்டி கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால் உப்புத்தாளால் மேலே ஒரு தேய்ப்பு தேய்த்துக்கொள்ள வேண்டும். மயிரைக் கையால் தொடக் கூடாது. நம் வாசிப்பில் விரல் வழுக்கிச் செல்லத் தேங்காயெண்ணெய் ஒரு பொட்டு தொட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்தக் கை வில் மயிரில் பட்டால் எத்தனை ரோசினும் பிடிக்காது. வாசித்து முடித்ததும் தந்தியிலுள்ள எண்ணெயையும் பலகையில் படிந்த வெள்ளைப் பொடியையும் தனித்தனித் துணியால் துடைத்து, வில்லின் திருகைத் தளர்த்தி வைக்க வேண்டும். தளர்த்தாத வில் சில மாதத்தில் தன் வளைவை இழந்து நேராகிவிடும். எங்களுக்கு வந்த வில்லுக்கு அந்தக் கதிதான் ஆகியிருந்தது. அதை மட்டும் புதிதாக வாங்கினோம்.

பலகையின் ஓரம் விரலால் தட்டினால் சலசலக்கிறதா, ஒட்டு விட்டிருக்கிறது. அதற்காகத் தச்சுப் பசையை எடுத்துவிடாதீர்கள். வயலினை ஒட்டியிருப்பது தோலிலிருந்து காய்ச்சும் பசை. மரம் வீங்கிச் சுருங்கும்போது பலகை பிளப்பதற்குப் பதில் ஒட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்று வேண்டுமென்றே போடுவது. தெரிந்தவர் கையில் அது சின்ன வேலை. தச்சுப் பசை போட்டால் அடுத்த முறை பலகைதான் பிளக்கும். வெயிலில் நிறுத்திய காரில் வயலினை விட்டுவிட்டுக் கடைக்குப் போனாலும் ஒட்டு விடும்.

ஞாயிறு மதியம் தொடங்கிய வேலை காபி நேரத்துக்குள் முடிந்தது. அன்று சாயங்காலம் அவள் சரளி வரிசையில் முதல் இரண்டையும் மூன்று காலத்திலும் வாசித்தாள். காந்தாரம் இன்னும் கொஞ்சம் கூடத்தான் விழுந்தது. ஆனால் விழுந்த உடனே விரலை ஒரு நூல் பின்னால் இழுத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைத் திறந்தாள். வெளியே மறுபடி சாரல். வில்லை எடுப்பதற்கு முன் நாலு தந்தியையும் ஒவ்வொன்றாக விரலால் தட்டிக் கேட்டாள்.

“அம்மா, மூணாம் தந்தி இறங்கியிருக்கு. நான் சேர்க்கட்டா?”

வயலினை மடியில் நிமிர்த்தி, தந்தியில் விரலை ஓட்டி அது எந்தப் பிரடைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டாள். நான் போய்த் தம்புராவைப் போட்டேன்.